'சர்ஜ்' என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது?

கேள்வி இதுதான். கொழும்பில் ஒரு செய்தி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகப் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆங்கிலச் செய்திகளில் 'சர்ஜ்' என்ற சொல் ஒரு நாள் முட்டை விலைக்கு வருகிறது, மறுநாள் மின்சாரத்துக்கு வருகிறது, புயல் வந்தால் கடலுக்கும் வருகிறது. அகராதியைப் பார்த்தால் 'எழுச்சி' என்று போட்டிருந்தது. அதை நம்பி 'முட்டை விலையில் எழுச்சி' என்று தலைப்பு வைத்தேன், பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டு நாளாகச் சிரிக்கிறார்கள். அப்போ சரியான சொல் எது? ஸ்பைக், சோர், ஹைக் எல்லாம் இதே அர்த்தம் என்றால் ஏன் இத்தனை சொற்கள்? கடைசியாக, சத்திரசிகிச்சை செய்யும் 'சேர்ஜன்' இந்தச் சொல்லிலிருந்துதான் வந்தாரா?

தம்பி, முதலில் அந்தத் தலைப்பைப் பற்றி வெட்கப்பட வேண்டாம். பல வருடம் இதே வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட மோசமானவற்றை நானே அச்சில் ஏற்றியிருக்கிறேன். 'எழுச்சி' அகராதிப்படி சரிதான், ஆனால் நம் நாட்டில் அந்தச் சொல் சும்மா இருக்கவில்லை. மக்கள் எழுச்சி, தமிழர் எழுச்சி, 2022இல் காலிமுகத்திடலில் நடந்ததும் எழுச்சி. அவ்வளவு சுமையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சொல்லை முட்டைக்குக் கொடுத்தால் முட்டைகள் பதாகை பிடித்து ஊர்வலம் போவது மாதிரித்தான் வாசகனுக்குத் தோன்றும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் 'பங்குச்சந்தையில் எழுச்சி' என்று சாதாரணமாக எழுதுவார்கள், அங்கே அது உறுத்தாது. இங்கே உறுத்தும்.

சரி, சொல்லுக்கு வருவோம். இதன் வேர் லத்தீனில் 'சுர்கெரே', எழு, எழுந்து நில் என்று பொருள். ஆங்கிலத்துக்குள் அது பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தபோது அதற்கு விலையோடும் மின்சாரத்தோடும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முதலில் ஊற்று, தரையிலிருந்து பொங்கி வரும் நீர் என்ற பொருளில் இருந்தது, கொஞ்ச காலத்தில் கடலில் உருண்டு திரண்டு வரும் பேரலையைக் குறித்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இதே வேரில் பிறந்த உறவுக்காரர்களைப் பாருங்கள்: ஊற்றுக்கண், மூலம் என்று பொருள்படும் 'சோர்ஸ்', மீண்டும் தலையெடுப்பதைச் சொல்லும் 'ரிசேர்ஜென்ஸ்', இயேசு உயிர்த்தெழுந்ததைச் சொல்லும் 'ரெசரெக்ஷன்', 1971 ஏப்ரல் கிளர்ச்சியை எழுதும்போது ஆங்கிலப் புத்தகங்கள் விடாமல் பாவிக்கும் 'இன்சரெக்ஷன்', 'இன்சேர்ஜென்சி'. எல்லாம் ஒரே குடும்பம். ஆகவே அகராதிக்காரர் 'எழுச்சி' என்று போட்டது சும்மா இல்லை, வேரைப் பார்த்துப் போட்டிருக்கிறார். வேர் சரியாக இருந்தாலும் கிளை வேறு திசையில் போய்விட்டது, அவ்வளவுதான்.

நான் சொல்லவருவது ஒரே விஷயம்: இந்தச் சொல்லுக்குள் தண்ணீர் இருக்கிறது. அதுவும் தேங்கிய தண்ணீர் அல்ல, பின்னாலிருந்து ஏதோ ஒன்று தள்ளத் தள்ளத் திரண்டு முன்னே வரும் தண்ணீர். மொழிபெயர்க்க உட்காரும்போது 'எவ்வளவு கூடியது' என்று மட்டும் பார்த்தால் எப்போதும் 'திடீர் அதிகரிப்பு' என்ற ஒரே கட்டையால்தான் அடிக்க வேண்டிவரும். 'பின்னால் நின்று தள்ளுவது எது' என்று கேட்டால் தமிழ் வினை தானாக வந்து விழும்.

மற்றச் சொற்களையும் இப்படியே பிரிக்கலாம். ஸ்பைக் என்பது இரும்பு, நீளமான ஆணி. வரைபடத்தில் கோடு ஊசி மாதிரி மேலே குத்திக்கொண்டு போய் அதே வேகத்தில் கீழே இறங்கினால்தான் அது ஸ்பைக், ஏறியது இறங்காமல் மேலேயே நின்றுவிட்டால் ஆணியின் மறுபக்கம் இல்லை. சோர் என்பது காற்று, பருந்து சிறகை விரித்து உயர்வது. காற்றைக் குறிக்கும் லத்தீன் 'ஔரா'விலிருந்து வந்த சொல், அதனால் அதில் உயரம்தான் முக்கியம், திடீரென்று நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹைக்கில் மனிதக் கை இருக்கிறது. நாங்கள் சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கி மடித்துக் கட்டுவோமே, ஆங்கிலத்தில் அதற்கும் ஹைக் என்றுதான் சொல்வார்கள். தூக்க ஒரு ஆள் வேண்டும். யாரோ முடிவெடுத்து, சுற்றறிக்கை அனுப்பி, நள்ளிரவு முதல் அமல் என்று அறிவித்தால் அது ஹைக். சர்ஜுக்கு ஆள் இல்லை, அது தானாக வருவது.

இந்த வேறுபாடுகளை ஆங்கில நிருபர்களே ஒழுங்காகக் காப்பாற்றுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பந்தியில் சர்ஜ் என்று எழுதினால் அடுத்த பந்தியில் அதே சொல் திரும்ப வரக்கூடாது என்பதற்காகவே ஸ்பைக் என்று மாற்றுவார்கள். அப்படி இடங்களில் நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

2022ஐ எடுத்துக்கொள்ளுங்கள், நாம் எல்லோரும் உடம்பால் அனுபவித்த உதாரணம். 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 2021 டிசம்பரில் 177 ரூபா. 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூன் கடைசியில் 470. ஆறு மாதத்தில் இரண்டரை மடங்கையும் தாண்டியது. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு தடவையும் நடந்தது ஹைக், ஏனென்றால் ஒரு நிறுவனம் உட்கார்ந்து முடிவெடுத்து அறிவித்தது. வரைபடம் போட்டால் மாடிப்படி மாதிரி இருக்கும், அலை மாதிரி இருக்காது. ஆனால் டொலர் இல்லை, ரூபா விழுந்துகொண்டிருக்கிறது, உலகச் சந்தையில் எண்ணெய் ஏறிக்கொண்டிருக்கிறது என்ற மூன்று தண்ணீரும் பின்னால் நின்று தள்ளியதைப் பார்த்து, ஆறு மாதத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்வதானால் அது சர்ஜ். ஸ்பைக் என்று மட்டும் எழுதக்கூடாது, ஏனென்றால் அந்த 177க்கு நாம் திரும்பிப் போகவேயில்லை.

இங்கே தமிழ் ஆங்கிலத்தைவிடக் கூர்மையானது என்பது என் கட்சி. நம்மிடம் ஏறு, ஏற்று என்று இரண்டு வினை இருக்கிறது, உயர், உயர்த்து, கூடு, கூட்டு. 'விலை ஏறியது' என்றால் தானாக, 'விலையை ஏற்றினார்கள்' என்றால் ஆள் இருக்கிறது. நமது பத்திரிகைகளில் யாரோ கையெழுத்துப் போட்டுக் கூட்டிய கட்டணத்துக்குக்கூட 'கட்டணம் எகிறியது' என்று தலைப்புப் போட்டுவிடுகிறோம், கட்டணம் ஏதோ தவளை மாதிரி தானே பாய்ந்துவிட்டதாக. ஹைக் என்று மூலத்தில் இருந்தால் தயவுசெய்து 'உயர்த்தப்பட்டது' என்றாவது எழுதுங்கள், முடிந்தால் உயர்த்தியது யார் என்று வாக்கியத்துக்குள் கொண்டுவாருங்கள்.

பணவீக்கத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், அடுத்த வருடம் அதே செப்டெம்பரில் 1.3 சதவீதம். கோட்டைப் பார்த்தால் மலை ஏறி இறங்கிய மாதிரி. 'பணவீக்கம் வீழ்ச்சி' என்று தமிழில் தலைப்பு வந்தது, சரியான தலைப்பு, ஆனால் வெள்ளவத்தைச் சந்தையில் நின்ற அம்மாமார் 'எந்தச் சாமான் விலை விழுந்தது, காட்டு பார்ப்போம்' என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம். ஏனென்றால் சர்ஜ் ஆகியது விலையா, விலை ஏறும் வேகமா என்பது இரண்டு வேறு கதை. வேகம் குறைந்தது, விலை ஏறிய இடத்தில்தான் நின்றது. பணவீக்கத்துக்குச் சர்ஜ் என்று வந்தால் 'விலையேற்றத்தின் வேகம் கூடியது' என்று நீட்டி எழுதினாலும் பரவாயில்லை, வாசகன் ஏமாறமாட்டான்.

இன்னொன்று, சின்னது ஆனால் ஆளைக் கவிழ்ப்பது. சர்ஜ்க்குப் பின்னால் 'டு' வருகிறதா 'பை' வருகிறதா என்று பாருங்கள். 'டு 470' என்றால் 470 ரூபாவாக உயர்ந்தது, 'பை 50' என்றால் 50 ரூபாவால் உயர்ந்தது. அவசரத்தில் '470 ரூபாவால் உயர்வு' என்று போய்விட்டால் மறுநாள் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்க முடியாது. எனக்குத் தெரியும், இருந்திருக்கிறேன்.

அடுத்து மழை. மழையில் புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஓட்டோ பிடிக்கக் கைத்தொலைபேசிச் செயலியைத் திறந்திருக்கிறீர்களா? போன மாதம் நான் திறந்தபோது வழக்கமான காசைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காட்டியது. இதற்குப் பெயர் 'சர்ஜ் பிரைசிங்'. வந்த ஓட்டோக்காரத் தம்பி, 'அண்ணன், அது அப்பிலேயே வாறது, நான் கூட்டேல்ல' என்றார். உண்மைதான், அவர் கூட்டவில்லை. சர்ஜ் ஆகியது ஓட்டோ கேட்டவர்களின் எண்ணிக்கை, அது மழை தள்ளிய தண்ணீர். அதைப் பார்த்து ஒரு கணக்கு விலையை ஏற்றியது, அது ஹைக். இரண்டுக்கும் நடுவில் இருந்த கோட்டை அழித்து, விலைக்கே அலையின் பெயரை வைத்துவிட்டார்கள், கெட்டிக்காரத்தனம்தான். 2014 டிசம்பரில் சிட்னியில் ஒரு கஃபேயில் ஆட்களைப் பணயம் பிடித்து வைத்திருந்த நேரம், நகரின் மையத்தைவிட்டு வெளியேறச் சனம் ஒரே நேரத்தில் வண்டி தேட, ஊபர் கணக்கு தன் வழக்கப்படி விலையை ஏற்றிவிட்டது. பெரிய எதிர்ப்பு வந்து நிறுவனம் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இதைத் தமிழில் 'எழுச்சி விலை' என்று ஓரிடத்தில் பார்த்தேன், வேண்டாம். 'நெரிசல் நேரக் கட்டணம்' என்றால் சனத்துக்கு உடனே விளங்கும், கூட்டியது யார் என்பதும் மறையாது.

மின்சாரத்தில் இரண்டு சர்ஜ் இருக்கிறது, இரண்டையும் போட்டுக் குழப்பிவிடக்கூடாது.

ஒன்று மின்சாரத் தேவை கூடுவது. நம் நாட்டில் மாலை 6.30இலிருந்து இரவு 10.30 வரை உச்ச வேளை. இது நாள்தோறும் வருவது, எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிவது, ஆகவே இது சர்ஜ் இல்லை, 'பீக்'. சர்ஜ் என்றால் எதிர்பாராமலோ அளவுக்கு மிஞ்சியோ வர வேண்டும். பிரித்தானியாவில் 1990 உலகக் கிண்ண அரையிறுதி, இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும் மோதிய ஆட்டம், பெனால்டி உதைகள் முடிந்த கையோடு நாடே எழுந்துபோய்த் தேநீருக்குக் கேத்தலைப் போட, மின்தேவை 2,800 மெகாவாட் அளவுக்கு மேலே வந்தது. சர்ஜ் என்றால் அது. பின்னால் நின்று தள்ளியது தேநீர். இதற்குத் தமிழில் 'மின்தேவை சடுதியாகப் பெருகியது' என்று எழுதினால் போதும்.

மற்றது கம்பி வழியாக வருவது, வீட்டுச் சாமானை எரிப்பது. நம் வீடுகளுக்கு 230 வோல்ட் வர வேண்டும். மின்னல் பக்கத்தில் எங்காவது இறங்கும்போது, அல்லது பெரிய மோட்டார் ஒன்று நிற்கும்போது, கண் சிமிட்டும் நேரத்தில் ஆயிரத்திலொரு பங்கைவிடக் குறைந்த நேரத்துக்கு வோல்ட் பல மடங்காகப் போய் வரும். சித்திரை மாதத்துப் பின்னேர இடியில் என் வீட்டு ரவுட்டர் இரண்டு போயிருக்கிறது, ஒன்று மின்கம்பி வழியாக, மற்றது தொலைபேசிக் கம்பி வழியாக. மூன்றாவதுக்குத்தான் புத்தி வந்து சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்கினேன். அதற்குள் இருக்கும் வேரிஸ்டர் என்ற சின்ன வட்டு சாதாரண நேரத்தில் கதவை மூடிக்கொண்டு இருக்கும், வோல்ட் எல்லை தாண்டினால் திறந்து மிச்சத்தைப் பூமிக் கம்பிக்கு அனுப்பிவிடும். வாங்குபவர்கள் மறந்துவிடும் விஷயம், பூமிக் கம்பி இல்லாத பழைய இரண்டு ஓட்டைப் பொயின்டில் அதைச் செருகினால் மிச்சத்தைப் பூமிக்கு அனுப்ப வழி இல்லை. அதோடு ஒவ்வொரு அடிக்கும் அந்த வட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், பச்சை லைட் அணைந்தால் அது வெறும் எக்ஸ்டென்ஷன் கோட்தான்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு இருந்ததே, அப்போது 'கரண்ட் வந்தவுடனே ஃப்ரிட்ஜைப் போடாதே' என்று வீட்டில் கத்துவார்கள். அதுவும் இந்தக் கதையின் கிளைதான். வெட்டு முடிந்து ஒரு பகுதிக்கே மின்சாரம் திரும்பும்போது எல்லா வீட்டு ஃப்ரிட்ஜும் ஒரே நொடியில் புறப்படப் பார்க்கும். மோட்டார் புறப்படும்போது ஓடும்போதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும், அதனால் அந்த முதல் சில நிமிடம் வோல்ட் ஏறியும் இறங்கியும் தள்ளாடும்.

தமிழில் இதற்கு என்ன போடுவது? பாடப்புத்தகத் தமிழில் 'மின்னழுத்த உந்தல்', 'மின் எழுச்சி' என்று எழுதலாம், தவறில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் உள்ள மின்சாமான் கடையில் போய் 'மின் எழுச்சிக் காப்பான் இருக்கா' என்று கேட்டுப் பாருங்கள். நான் 'கரண்ட் திடீரென்று கூடி வந்து எரிந்துவிட்டது' என்று எழுதுவேன், சாதனத்துக்குச் சர்ஜ் ப்ரொடெக்டர் என்றே விட்டுவிடுவேன்.

இனிக் கடல். இந்த இடத்தில் மட்டும் மொழிபெயர்ப்பு உயிரோடு சம்பந்தப்பட்டது, ஆகவே கொஞ்சம் நிற்கிறேன்.

'ஸ்ட்ரோம் சர்ஜ்' என்றால் புயலோடு வரும் பெரிய அலை என்று பலர் நினைக்கிறார்கள். அலை இல்லை. புயலின் காற்று மணிக்கணக்காகக் கடலைக் கரைப்பக்கம் தள்ளுகிறது, நடுவில் காற்றழுத்தம் குறைவதால் நீர்மட்டமும் கொஞ்சம் உயர்கிறது, அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர் என்பது கணக்கு. பெரிய பங்கு காற்றினுடையதுதான். ஆழமான கடலில் தள்ளப்பட்ட நீர் அடியால் திரும்பிப் போய்விடும், ஆழமில்லாத இடத்தில் போக வழி இல்லாமல் கரைமேல் ஏறும். பாக்கு நீரிணை எவ்வளவு ஆழமில்லாதது என்று உங்களுக்குத் தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு அங்கே என்ன நடந்தது என்பதும் தெரியும்: தனுஷ்கோடி என்ற ஊரே போய்விட்டது, பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது, இந்தப் பக்கம் மன்னாரும் அடிபட்டது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பல் ஓடி, கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒரே டிக்கெட்டில் போன காலத்தின் முடிவும் அந்த இரவோடு எழுதப்பட்டது. அந்தக் கப்பலில் போன பெரியவர்கள் வெள்ளவத்தையில் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப்பாருங்கள், ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 2013 நவம்பர் 8ஆம் திகதி ஹையான் என்ற சூறாவளி பிலிப்பைன்ஸின் டக்ளோபான் நகரத்தைத் தாக்கியது. 6,000க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மிகப் பலரைக் கொன்றது காற்று இல்லை, கடல். எச்சரிக்கை விடப்படாமல் இல்லை. வானிலைக்காரர்கள் 'ஸ்ட்ரோம் சர்ஜ்' வரும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னார்கள். பிறகு கேட்டபோது, அது என்னவென்று எங்களுக்குத் தெரியவில்லை, சுனாமி மாதிரி வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்றார்கள் உயிர் தப்பியவர்கள். அதிகாரிகளும் அந்தச் சொல் போய்ச் சேரவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்கு முன்னால் நம் கரையில் எத்தனை பேருக்கு 'சுனாமி' என்ற சொல் தெரிந்திருந்தது என்று நினைத்துப் பாருங்கள், விளங்கும்.

ஆகவே 'புயல் எழுச்சி', 'புயல் உந்தல்' என்று எது எழுதினாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். 'கடல் ஊருக்குள் வரும், இத்தனை மீற்றர் உயரத்துக்கு வரும், வந்தால் சில மணித்தியாலம் நிற்கும்' என்று எழுதுங்கள். இதில் நான் யாரோடும் சமரசத்துக்குத் தயாரில்லை. கலைச்சொல் ஆய்வுக் கட்டுரைக்கு, எச்சரிக்கைக்கு வாக்கியம்.

நோய்ச் செய்திக்கு வந்தால் நம்மிடம் ஏற்கனவே அருமையான சொல் ஒன்று இருக்கிறது: சடுதி. 'டெங்கு நோயாளர் எண்ணிக்கை சடுதியாக அதிகரிப்பு' என்று நம் பத்திரிகைகள் எழுதுவதைத் தமிழ்நாட்டு நண்பர்கள் பார்த்தால் பழைய இலக்கியம் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள். நமக்கோ அது காலையில் தேநீரோடு வாசிக்கும் சொல். விட்டுவிடாதீர்கள். ஆனால் எங்கே போடுவது என்று பார்த்துப் போடுங்கள். கொழும்பில் டெங்கு வருடத்தில் இரண்டு தடவை, தென்மேற்குப் பருவமழையோடு ஒன்றும் வருட முடிவில் ஒன்றுமாக, வழக்கமாக ஏறும். அதைச் சடுதி என்பது கொஞ்சம் அதிகம், வருடாவருடம் வருகிற விருந்தாளிக்கு 'திடீர்ப் பிரவேசம்' என்று சொல்வது போல. 2017இல் 186,101 பேர், அதற்கு முந்தைய வருடத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேலே, அதுதான் சர்ஜ். கொரோனாக் காலத்தில் ஆங்கிலம் சர்ஜ் என்றபோது தமிழ் 'அலை' என்றது, முதலாம் அலை, இரண்டாம் அலை. வேரைத் தெரியாமலே வேரைப் பிடித்த மொழிபெயர்ப்பு. நாம் கூடவே 'மினுவாங்கொடை கொத்தணி', 'பேலியகொடை கொத்தணி' என்று இன்னொரு சொல்லையும் பிடித்தோம், அது 'கிளஸ்டர்' என்ற வேறு சொல்லுக்கு, ஆனால் அழகான சொல் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

கூட்டத்துக்கு யோசிக்கவே தேவையில்லை. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும்போது 'கூட்டம் அலைமோதியது' என்கிறோம். ஆங்கிலம் கடலிலிருந்து எடுத்ததை நாமும் கடலிலிருந்தே எடுத்திருக்கிறோம், யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. 2022 ஒக்டோபர் 29 இரவு சோல் நகரின் இதேவொன் ஒழுங்கையில் 159 பேர் இறந்தபோது ஆங்கிலச் செய்திகளில் 'கிரவுட் சர்ஜ்' என்று வந்ததற்குக் காரணம், அங்கே யாரும் மிதித்துக்கொண்டு ஓடவில்லை. ஒரு சதுர மீற்றரில் ஆறேழு பேருக்கு மேல் நின்றால் கூட்டம் மனிதர்களாக அல்ல, திரவமாக நடந்துகொள்ள ஆரம்பிக்கும். எங்கோ பின்னால் நடந்த தள்ளல் அலையாக வந்து முன்னால் நிற்பவரின் மூச்சை நிறுத்தும். 'ஸ்டாம்பீட்' என்று எழுதினால் பழி இறந்தவர்கள் தலையில் விழுகிறது என்று ஆங்கிலத்தில் இப்போது சண்டை நடக்கிறது. தமிழில் எப்போதுமே 'நெரிசல்' என்றுதான் எழுதி வந்திருக்கிறோம், அது சரியான சொல்.

இராணுவச் செய்தியில் பெரிய எழுத்தோடு 'த சர்ஜ்' என்று வந்தால் அநேகமாக அது 2007 ஜனவரியில் ஜனாதிபதி புஷ் ஈராக்குக்கு இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மேலதிகப் படையினரை அனுப்ப அறிவித்ததைக் குறிக்கும். 'படைக் குவிப்பு' என்று எழுதுங்கள், முடிந்தது. ஆள் இல்லாமல் தானாக வரும் வினை என்று மேலே சொன்னேன் அல்லவா, படைக்காரர்கள் மட்டும் அதை மீறி 'படையை சர்ஜ் செய்தார்கள்' என்று பாவிப்பார்கள். அவர்களை யார் கேட்பது.

உணர்ச்சிக்கு வந்தால் ஆங்கிலத்தைவிட நாம் பணக்காரர்கள். அவர்களுக்குக் கோபத்துக்கும் ஒரு சர்ஜ், பாசத்துக்கும் ஒரு சர்ஜ், பயத்துக்கும் அதே சர்ஜ். நமக்குக் கோபம் பொங்கும் அல்லது பொத்துக்கொண்டு வரும், அழுகை முட்டிக்கொண்டு வரும், சிரிப்பு பீறிடும், வியர்வை குப்பென்று வரும், ஆசை பெருக்கெடுக்கும். எந்த உணர்ச்சி என்று தெரிந்தால் வினை தானாகக் கிடைக்கும், இதற்குப் போய் 'உணர்ச்சி எழுச்சி' என்று எழுதுகிறவரை என்ன சொல்வது. ஆங்கிலத்தில் கவனிக்க ஒன்று இருக்கிறது: எது எண்ணிக்கையில் கூடியதோ அதற்கு முன்னால் 'இன்' வரும், எது பொங்கி வந்ததோ அதற்கு முன்னால் 'ஒஃப்' வரும். விலையில் சர்ஜ் என்றால் 'இன்', கோபத்தின் சர்ஜ் என்றால் 'ஒஃப்'. மொழிபெயர்க்க உட்காரும்போது இந்த இரண்டெழுத்து பாதி வேலையை முடித்துத் தரும்.

'சடன் சர்ஜ்' என்று மூலத்தில் வந்தால் முதல் சொல்லைப் பேசாமல் விட்டுவிடுங்கள், திடீர் என்பது சர்ஜுக்குள்ளேயே இருக்கிறது. 'திடீரெனச் சடுதியாக அதிகரித்துள்ளது' என்று நம்மவர்கள் எழுதுவது இதனால்தான். அளவையும் பாருங்கள். பங்குச் சுட்டெண் அரை வீதம் ஏறியதற்கெல்லாம் ஆங்கில நிருபர் சர்ஜ் என்று எழுதினால் நீங்களும் 'கிடுகிடு உயர்வு' என்று ஊத வேண்டியதில்லை, 'சற்று உயர்ந்தது' என்று எழுதலாம். மூலத்துக்குத் துரோகம் என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள்.

உங்கள் முட்டைக்கு வருவோம். செய்தியை எனக்கு அனுப்பியிருந்தீர்கள், பண்டிகைக் காலத்தில் கேக் அடிப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கியதால் விலை கூடியது என்று இருக்கிறது. தள்ளியது கேக். அப்போ 'கேக் பருவம்: முட்டை விலை மளமளவென ஏறியது' என்று வைத்திருக்கலாம். பருவம் முடிந்து விலை இறங்கினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் அது ஸ்பைக்கா என்று.

கடைசியாக நீங்கள் கேட்ட சேர்ஜன். சம்பந்தமே இல்லை. அது கிரேக்கத்தில் கைவேலை செய்பவர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, முதல் பாதி கை, மறுபாதி வேலை. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் 'கைரேர்ஜன்' என்ற நீளமான வடிவமும் இருக்கும், சேர்ஜன் என்பது பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்த வடிவம். பள்ளிக்கூடக் கால்சட்டை தைக்கும் 'சேர்ஜ்' துணியும் வேறு குடும்பம், எழுத்திலும் 'யூ' இல்லை, 'ஈ'. தட்டச்சில் ஒரு தடவை கூடுதலாகப் பாருங்கள், நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை நேவி நிறத் துணி விளம்பரத்தை யாரோ கடற்படைப் படைக்குவிப்பு என்று மொழிபெயர்த்துவிட்டார்.